முகத்துக்கு நேரே சொன்னவர்

“உங்கள வேலைக்கு எடுக்க வேணாம்னு சொன்னது நான்தான்.”

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. என் கை சோற்றில் இருந்தது. ரசம் ஊற்ற வந்தவர்கூட வாளியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றுவிட்டார்.

“இன்டர்வியூல உங்களுக்கு ஒரு எரர் மெசேஜ் காட்டுனேன்ல? நீங்க அத முழுசா படிக்கல. முதல் வரிய பார்த்துட்டு பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. அதனால வேணாம்னு சொன்னேன். மத்த ரெண்டு பேரும் எடுக்கலாம்னு சொன்னாங்க, எடுத்தாச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் இது தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாம நீங்க என் பக்கத்துல உக்காந்து வேலை செய்யக்கூடாது இல்லையா?”

எனக்குக் காது சூடானது. அவர் பார்வையை விலக்கவும் இல்லை, சிரித்துச் சமாளிக்கவும் இல்லை.

“கோவம் வந்தா கோவப்படுங்கலா. பரவால்ல,” என்றார். பிறகு எனக்கு அப்பளம் வேண்டுமா என்று கேட்டார். நான் இலையை மடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அவர்மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. மறுநாள் முதல் எரர் மெசேஜ்களைக் கடைசி வரி வரைக்கும் படிக்கத் தொடங்கினேன்.

அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய பழைய போன் எண்ணை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். காஜாங்கில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

அவரைத் தெரியாதவர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சுட்ட முறுக்கு அந்த வருடம் பல்லை உடைக்கிற மாதிரி அமைந்துவிட்டது. அக்கா பொறுமையாக முழுவதையும் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார், கொஞ்சம் கட்டியும் வாங்கிக்கொண்டு போனார். யாருடைய சேலையையும், யாருடைய குழந்தையின் மார்க்கையும் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று: ஒருவரைப் பற்றி மற்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது.

எங்கள் குழுவில் ஃபரிடா என்று ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். கெட்டிக்காரி. ‘கேஷ்’ (cache) என்று சொல்ல வேண்டிய கணினிச் சொல்லை எழுத்தைப் பார்த்து மலாய் முறையில் ‘சாச்சே’ என்று சொல்லுவாள். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவாள். அவள் திரும்பியதும் மேசைக்கு மேசை சிரிப்பு போகும். மாதக்கணக்கில் இது நடந்தது. அக்கா வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றிலிருந்து திரும்பி வந்த வாரம் முதன்முறையாக அதைக் கவனித்தார். கூட்டம் முடிந்ததும் ஃபரிடாவைத் தனியாகப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சிரித்துப் பழகிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்தின் சர்வர்களை நாங்கள் பராமரித்தோம். ஒரு புரோகிராம் பைதான் மொழியில் எழுதப்பட்டிருந்தால், அது ஓடும் கணினியில் பைதான் இருக்க வேண்டும். ஜாவாவில் எழுதியிருந்தால் ஜாவா. வெறுமனே இருந்தால் போதாது, அந்தப் புரோகிராமுக்கு ஒத்துப்போகிற வெர்ஷனாக இருக்க வேண்டும். புதிய சர்வர் வரும்போதெல்லாம் எங்களில் ஒருவர் அதற்குள் போய், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வேண்டிய மொழிகளை நிறுவுவோம். ஆளுக்கு ஒரு பழக்கம். நான் ஒரு இடத்தில் போடுவேன், ஃபரிடா இன்னொரு இடத்தில் போடுவாள். எல்லாரையும்விட மூத்தவரான பாலன் அண்ணன் தன் நினைவில் இருக்கிற வழியில் போடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சர்வரும் ஒன்று போலவே தெரியும். உள்ளே ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் ஓடும் புரோகிராம் மற்றதில் விழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்கே எங்கள் பாதி நாள் போய்விடும்.

இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. எந்தச் சர்வரில் எந்த மொழி, எந்த வெர்ஷன், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், அதைப் படித்து எல்லாச் சர்வரையும் அந்த நிலைக்குக் கொண்டுவருகிற கருவிகள் இருக்கின்றன. ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. சரியில்லாததை மட்டும் திருத்தும். அக்கா படித்துவிட்டு வந்த பயிற்சி அதுதான்.

எங்கள் மேனேஜரை எல்லாரும் பாஸ் என்போம். தமிழர்தான், கெட்டவரும் இல்லை. அவர் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு இந்த வேலையைத் தொடங்கச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இது முடிந்ததும் குழுவைக் குறைக்க மேலிடம் முடிவு செய்துவிட்டது, முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம். அக்கா அவரிடம் என்ன பதில் சொன்னார் என்பது, அடுத்த சில நிமிடத்தில் எங்களை டீ கலக்கும் பேன்ட்ரியில் கூட்டி வைத்து அவரே சொன்னதால் எங்களுக்குத் தெரியும்.

“பாஸ்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். உங்களுக்குத் தெரியாம இந்த வேலைய என்னால செய்ய முடியாது, இப்பவே போய் சொல்லப் போறேன்னு சொன்னேன். அவருக்கு இஷ்டம் இல்ல. ஆனா தடுக்கல.”

தண்ணீர் கொதிக்கும் கேத்தலை எட்டி நிறுத்தினார். பிறகு சொன்னார்.

“நான் ஆரம்பிக்கப் போற வேலை முடிஞ்சா நாம கையால செய்யற வேலை இருக்காது. அதுக்கப்புறம் எல்லாரும் இந்த டீம்ல இருக்க மாட்டோம். யார் யாருன்னு எனக்குத் தெரியாது. அடுத்த வருஷத்துக்குள்ள நடக்கும்.”

“அக்காவுமா?” என்று ஃபரிடா மலாயில் கேட்டாள்.

“நானும்தான். யாருக்கு இத கத்துக்கணுமோ, என்கூட உக்காருங்க. வெளிய வேலை தேடறதுன்னா அதுக்கும் டைம் இருக்கு.”

பாலன் அண்ணன் தன் கோப்பையை மேசைமேல் வைத்தார். ரவாங்கிலிருந்து தினமும் முதல் ரயிலைப் பிடித்து வருகிறவர். ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தவர்.

“இத ஏன் இப்ப சொல்ற?”

“உங்களுக்குத் தெரியணும்ல அண்ணே.”

“தெரிஞ்சு நான் என்ன செய்யறது? இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா? சொல்லாம இருந்திருந்தா, அது வரைக்குமாவது நிம்மதியா தூங்கியிருப்பேன்லா. அதையும் கெடுத்துட்ட.”

“அதுக்கு என்கிட்ட பதில் இல்ல அண்ணே.”

அவர் எழுந்து போனார். நாங்களும் ஒவ்வொருவராகக் கலைந்தோம். நான் கோப்பையைக் கழுவ மறுபடி உள்ளே போனபோது அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் யாராவது வந்து ஏதாவது கேட்கக்கூடும் என்று காத்திருந்தது போலிருந்தது.

அதற்குப் பிறகு பாலன் அண்ணன் அக்காவோடு பேசவில்லை. முன்பெல்லாம் ‘தங்கச்சி, தங்கச்சி’ என்று கூப்பிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்திலிச் சம்பலில் பாதியை அவருக்குக் கொடுப்பார். இப்போது தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டார். வேலை மட்டும் செய்தார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் அவர் மனைவி எனக்கு போன் செய்தார்.

“தம்பி, ஆபீஸ்ல என்ன நடக்குது? இவரு சரியா தூங்கறதே இல்ல. கேட்டா எரிஞ்சு விழறாரு.”

அன்று மாலை அக்காவோடு நடந்து போகும்போது இதைச் சொன்னேன். தினமும் நாங்கள் பூக்கடைகளைத் தாண்டி சென்ட்ரல் நிலையம்வரை சேர்ந்து நடப்போம். அங்கிருந்து அவர் காஜாங் ரயிலுக்கும் நான் கிள்ளான் ரயிலுக்கும் பிரிவோம். அவர் ஒரு பூக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரம்மா மல்லிகைப் பந்தை நீட்டினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

“நான் சொன்னதாலதான். எனக்குத் தெரியும்,” என்றார்.

“சொல்லாம இருந்திருக்கலாமாக்கா?”

“இருந்திருந்தா தினமும் காலைல அவர் முகத்த பார்த்து சிரிக்கணும். அவர் சம்பல வாங்கி சாப்பிடணும். அவரு பொங்கலுக்கு அப்புறம் வீட்ட ரிப்பேர் பண்ணப் போறேன்னு பிளான் சொல்லுவாரு, அதையும் தலையாட்டி கேட்டுக்கணும். எனக்கு முடியாது தம்பி. அவருக்காக மட்டும் சொல்லல. எனக்காகவும்தான் சொன்னேன்.”

அவர் இப்படி ஆனதற்குப் பின்னால் ஏதாவது பழைய கதை இருக்குமோ என்று அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். யாராவது அவரிடம் எதையாவது மறைத்தார்களா, சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று. “அதெல்லாம் ஒன்னும் இல்லலா. எனக்கு மூஞ்சிய மாத்தி வெச்சிக்கத் தெரியாது, அவ்வளவுதான்,” என்றார். அவர் செய்தது சரியா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியவில்லை.

வேலை நகர்ந்தது. ஃபரிடாவும் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு சர்வரையும் கோப்பில் எழுதினோம். நிஜமாக ஓட்டுவதற்கு முன் கருவி ஒரு முன்னோட்டம் காட்டும்: எதையெல்லாம் மாற்றப் போகிறது என்று. ஒரு பழைய சர்வரில் மட்டும் பைதானின் மிகப் பழைய வெர்ஷன் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடப் போவதாகக் கருவி சொன்னது. அக்கா எழுந்து பாலன் அண்ணனின் மேசைக்குப் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அண்ணே, இந்த மெஷின்ல ஏன் பழைய பைதான் இருக்கு? யாருக்காவது அது வேணுமா?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியாது. எவனோ போட்டது.”

அக்கா இன்னும் சிலரிடம் கேட்டார். எங்களுக்குத் தெரிந்த எல்லாப் புரோகிராம்களையும் புதிய வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடின. வார இறுதியில் மாற்றிவிட்டார்.

திங்கள் காலை காப்புறுதி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது, செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று காப்புறுதி நிறுவனம் ஒரு உத்தரவாதக் கடிதம் அனுப்ப வேண்டும். அன்று காலையிலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. எந்தெந்த மருத்துவமனைகளிலோ ஆட்கள் பதிவுக் கவுண்டருக்கு முன்னால் காத்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்காகச் சாப்பிடாமல் வந்த ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்துவிட்டது என்று போனில் ஒரு பெண் கோபமாகச் சொன்னாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“அந்த லெட்டர் புரோகிராம்…” என்றார் பாலன் அண்ணன்.

திரையைப் பார்க்காமல், யாரும் கேட்காமல், வாய்க்குள் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதை உணர்ந்தார். அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகம் சாம்பலாகியிருந்தது.

“அதுக்குத்தான் அந்தப் பழைய பைதானா அண்ணே?” என்று அக்கா கேட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

அவர் தலையாட்டினார். அக்கா கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் பழைய பைதான் அதன் இடத்துக்குத் திரும்பியது. கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கையால் செய்திருந்தால் அன்று மாலை வரை ஆகியிருக்கும்.

பாஸ் ஓடி வந்தார். “நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லிடலாம். இப்ப சரியாயிடுச்சுல்ல? போதும்.”

“இல்ல பாஸ். நாம செஞ்ச மாத்தம்தான் காரணம். அவங்களுக்குத் தெரியணும். இல்லாட்டி நாளைக்கு வேற எங்கயோ போய் தேடிட்டு இருப்பாங்க.”

“நம்ம காண்ட்ராக்ட் போயிடும்மா. புரியுதா?”

“புரியுது.”

அக்கா பாஸுக்கு முன்னாலேயே போனை எடுத்து, இன்ன மாற்றம், செய்தது நான்தான், இப்போது திருப்பி வைத்துவிட்டேன் என்று சொன்னார். அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். உள்ளே சேர்த்துவிட்டார்கள் என்று பதில் வந்தது.

பாஸ் விடவில்லை. “அந்த மெஷின பத்தி பழைய ஆளுங்க யாருக்குமே தெரியாதா? பாலன்கிட்ட கேட்டீங்களா இல்லையா?”

பாலன் அண்ணன் தன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டுனது நான் பாஸ். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்ல.”

அக்கா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆனால் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. மதியம் பேன்ட்ரியில் பாலன் அண்ணனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு எனக்குத் தெரியும். பாஸ்கிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு நீங்க இங்க உக்காந்திருக்க வேணாம்.”

பாலன் அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடினார். எழுந்து போய்விட்டார். அக்காவின் சாப்பாடு பிரிக்கப்படாமலே இருந்தது.

அக்கா பேசிய அந்தப் போனுக்கு விலை இருந்தது. காப்புறுதி நிறுவனம் அக்காவைத் தங்கள் வேலையிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டது. எங்கள் கம்பெனியில் வேறு வேலை எதுவும் அவருக்கு இல்லை. இது அலுவலகம் முழுக்கப் பரவியது. அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பாஸ் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அக்கா அடுத்த மாதத்துக்கான வேலைகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஃபரிடாதான் எழுந்தாள். அக்காவைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனாள்.

திரும்பி வரும்போது அக்கா அவள் தோளைத் தொட்டு, “தெரிமா காசே,” என்று மலாயில் நன்றி சொன்னார். பிறகு பேன்ட்ரிக்குப் போய்த் தன் கோப்பையை வெகு நேரம் கழுவினார். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் கடைசியாக அலுவலகத்திலிருந்து கிளம்பியபோது பாலன் அண்ணன் இடத்தில் இல்லை. வேண்டுமென்றே வெளியே போயிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்.

“எழுதிக்க. எந்த மெஷின்ல எது ஏன் இருக்குன்னு சொல்றேன்.”

பல நாட்கள் உட்கார்ந்து சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஃபரிடாவும் நானும் கோப்புகளில் எழுதினோம். முடிந்தபோது, எந்தச் சர்வர் அழிந்தாலும் அப்படியே திரும்ப எழுப்பிவிட முடியும் என்ற நிலை வந்தது. குழுவும் குறைந்தது. ஃபரிடா அதற்குள் சைபர்ஜெயாவில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். முன்பே தெரிந்திருந்ததால்தான் முடிந்தது என்று சொன்னாள். என்னைக் கருவியைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டார்கள். பாலன் அண்ணன் ரவாங்கில் பள்ளி வேன் ஓட்டப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் எனக்கு போன் செய்தாள். கிள்ளானில் மணமாகி இருக்கிறவள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இங்கே மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றாள். போய்ப் பார்த்தேன். வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் வற்றிப் போயிருந்தது. மகள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எல்லாரும் நல்லாயிடும் நல்லாயிடும்னு சொல்றாங்கலா. டாக்டர் என்கிட்ட பேசறதில்ல, மகள வெளிய கூட்டிட்டுப் போய் பேசறாரு. என் பொண்டாட்டி சாமி படத்த தலகாணிக்கு அடியில வெச்சிட்டு, ஒன்னும் இல்லைங்கறா. நீயும் இப்ப அதத்தான் சொல்லுவ. அந்தப் பொண்ண வரச் சொல்லு.”

“எந்தப் பொண்ணு அண்ணே?”

“அதான், அந்தத் தங்கச்சி. அது மறைக்காது.”

அக்காவுக்கு போன் செய்தேன். “அவரா கேட்டாரு?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “அவரேதான் கேட்டாரா?” என்றார். மறுநாள் காஜாங்கிலிருந்து தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. வார்டுக்குள் நேராகப் போகவில்லை. தாழ்வாரத்தில் மகளைத் தேடிப் போய் நின்றார்.

“உங்க அப்பா எதுக்கு என்ன கூப்பிட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

அவள் உடனே அழத் தொடங்கினாள். “சொல்லாதீங்கக்கா. அப்பா உடைஞ்சிடுவாரு.”

“சொல்ல வேண்டியவங்க நீங்க. நீங்க சொன்னா நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா அவரு என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அத உங்ககிட்ட சொல்லாம உள்ள போகக்கூடாதுன்னுதான் நிக்கறேன். வேணாம்னா இப்படியே திரும்பிப் போயிடறேன்.”

மகள் கதவுக் கண்ணாடி வழியாகக் கட்டிலைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு மாலைச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்து போனது. பிறகு மருத்துவர் சொன்னதையெல்லாம் அக்காவிடம் மெல்லச் சொன்னாள். “என்னால முடியாதுக்கா. நீங்க போங்க,” என்றாள்.

அக்கா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“வந்துட்டியா தங்கச்சி.”

“வந்துட்டேன் அண்ணே.”

“எனக்கு என்ன?”

“ஈரல்ல கட்டி. மத்த இடத்துக்கும் பரவிடுச்சு. இனிமே குணமாக்கற வைத்தியம் இல்ல, வலி தெரியாம பார்த்துக்கலாம்னு டாக்டர் மகள்கிட்ட சொல்லியிருக்காரு.”

“எவ்வளவு நாளு?”

“அது எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. டாக்டர உள்ள கூப்பிட்டு நீங்களே கேளுங்க. ரொம்ப நாள் இல்லைங்கறது மட்டும் தெரியும்.”

பாலன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்கு அடியில் விழி அசைந்துகொண்டிருந்தது. அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர் கண்ணைத் திறந்தபோது முகத்தில் எதிர்பாராத ஒரு தெளிவு இருந்தது. பழைய நாட்களில் வேலை தொடங்கும்போது இருக்குமே, அந்த முகம்.

“ரவாங்குக்குப் போகணும். என் வீட்டுக்கு,” என்றார். “மகள உள்ள வரச் சொல்லு. அழுதா பரவால்லன்னு சொல்லு.”

மகள் வந்து மெத்தையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். அந்த வாரமே அவரை ரவாங்குக்குக் கொண்டுபோனார்கள். தன் கட்டிலில், தன் ஜன்னலுக்குப் பக்கத்தில், செய்ய வேண்டியதையெல்லாம் வாயால் சொல்லி முடித்து, பேச வேண்டியவர்களோடு பேசி, தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

அன்று நாங்கள் வார்டிலிருந்து வெளியே வந்தபோது மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா காரின் கதவைத் திறந்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு வேகமாகச் சுவரோரச் சாக்கடைப் பக்கம் போய்க் குனிந்தார். வாந்தி எடுத்தார். நான் ஓடிப் போய் முதுகைப் பிடித்தேன். காரிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“டாக்டர்கிட்ட காட்டலாமாக்கா? ஆஸ்பத்திரி வாசல்லயே இருக்கோம்.”

“வேணாம். சரியாயிடும்.” முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். “எல்லாத் தடவையும் இப்படித்தான் தம்பி. சில சமயம் சொல்றதுக்கு முன்னாலேயே வந்துடும்.”

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்வது அவருக்குச் சுலபம் என்றே நினைத்திருந்தேன்.

சாவியை என்னிடம் நீட்டினார்.

“நீ ஓட்டு. காஜாங் வரைக்கும் வர முடியுமா?”

“வரேன்கா. திரும்பி வர ரயில் இருக்கு.”

அவர் பக்கத்து இருக்கையில் ஏறி, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கண்களை மூடிக்கொண்டார். நான் காரைக் கிளப்பினேன்.